கொக்கு எட்டாம் வகுப்பு

ஒரு குழந்தைக்கு வயது தானாக வருகிறது. உயரமும் பல்லும் தானாக வருகின்றன. வகுப்பு மட்டும் அப்படி வருவதில்லை; யாராவது பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே அதைக் கொடுத்துவிடுகிறது. ஒஹாயோவில் எங்கள் ஹார்லன் க்ரீக் வட்டாரத்தில், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிற நாங்கள், வகுப்பை நாங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

மெரடித் ஓக்லியின் மகள் வில்லாவுக்குப் பதினொரு வயது. பல் மருத்துவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார். வில்லா அம்மாவைப் பார்த்தாள்.

"வாசிப்புல எட்டு, டாக்டர். எழுத்துக்கூட்டல்ல நாலு," என்றாள் மெரடித். "கணக்குலதான் இன்னும் முடிவு பண்ணல."

"நாற்காலியை எவ்வளவு உசத்தணும்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

மெரடித் கவனமான பெண். அதனால்தான் நான்கு வருடங்களில் நான்கு கணக்குப் பாடமுறைகளை மாற்றியிருந்தாள். எங்கள் வட்டாரத்தில் கணக்கில் இரண்டு மதங்கள் உண்டு. ஒன்றைக் கரைத்துக் குடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பவர்கள் மலையேறிகள். எல்லாவற்றையும் தினம் கொஞ்சம் தொட்டுக்கொண்டே சுற்றிவர வேண்டும் என்பவர்கள் சுருள்காரர்கள். மலையேறி வீட்டிலிருந்து வரும் மாக்கரோனியைச் சுருள்காரர்கள் தொடுவதில்லை என்று சொல்வார்கள். அது மிகை. தொடுவார்கள்; பாத்திரத்தைத்தான் கழுவாமல் திருப்பித் தருவார்கள்.

ஒவ்வொரு பாடமுறைக்கும் ஒரு நுழைவுச் சோதனை உண்டு. மலையேறிகளின் சோதனை வில்லாவை மூன்றாம் வகுப்பு என்றது. சுருள்காரர்களின் சோதனை ஐந்து என்றது. கணினியில் எழுதிய சோதனை ஏழு என்று அறிவித்து, திரை முழுக்கப் பலூன் பறக்கவிட்டது.

அப்பா டேல், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவர். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைக்குப் பின்னம் தெரியுமா தெரியாதா?"

"எந்தப் பாடமுறைப்படி கேக்கிற?"

"பீட்ஸாப்படி."

"அப்பா, நேத்து எட்டுத் துண்டுல அஞ்சை நீங்கதான் சாப்பிட்டீங்க," என்றாள் வில்லா உள்ளே இருந்து.

"தெரியும்போல இருக்கு," என்றார் டேல். மெரடித் இதைச் சான்றாக ஏற்கவில்லை.

இந்த நிலைமை இன்னும் பல வருடங்கள் நிம்மதியாகத் தொடர்ந்திருக்கும். ஆனால் எங்கள் வட்டாரத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காக நடக்கிற டோபின் ஏரிக் கோடை முகாமிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டுமே வரலாம்; வகுப்பைக் கல்வி அலுவலகம் எழுதித் தர வேண்டும். வில்லாவின் உயிர்த்தோழி ஜூனியா போவதாக இருந்தது. அந்த ஏரியில் ஒரு மிதவை மேடை உண்டு. கரையிலிருந்து நீந்திப் போய் அதன்மேல் ஏறி, அங்கிருந்து குதிக்க வேண்டும். இருவரும் இரண்டு வருடமாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஆறாவதா அம்மா?"

"விசாரிக்கிறேன் கண்ணு."

வட்டாரக் கல்வி அலுவலகத்தில், வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பிரிவைத் திருமதி கோவல்சிக் கவனித்துவந்தார். அன்பான பெண்மணி. மேசைமேல் எப்போதும் மிட்டாய்க் கிண்ணம் இருக்கும்.

"வாசிப்புல இந்த வட்டாரத்துல எட்டுக்குக் குறைஞ்ச பிள்ளை ஒண்ணுகூட இல்லம்மா," என்றார். "எல்லா அம்மாவும் எட்டுன்னுதான் சொல்றாங்க. அதை அனுப்பினா மேல சிரிக்கிறாங்க. அதனால கணக்குதான் கணக்கு. எந்தக் கணக்குப் புத்தகம் நடக்குதோ, அதோட அட்டையில என்ன நம்பரோ, அதான் வகுப்பு."

"மூணு, அஞ்சு, ஏழுன்னு வந்திருக்கு. சராசரி எடுத்துக்கலாமா?"

"சராசரி எடுக்க நான் கணக்கு டீச்சர் இல்லையே. மிட்டாய் எடுத்துக்கோ."

ஆறு என்று அட்டையில் போட்ட ஒரு புத்தகத்தை அன்றைக்கே வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். மெரடித் அதற்காகக் கடைக்குக் கிளம்பவும் செய்தாள். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் பெற்றோர் குழுக் கூட்டம் நடந்தது, தேவாலயத்தின் அடித்தளத்தில். ஜூனியாவின் அம்மா ஷெல்பி தலைமை வகித்தாள். ஷெல்பிக்கு ஆறு பிள்ளைகள். ஆகவே யாரும் அவளை மறுத்துப் பேசுவதில்லை.

"நம்பர்தான் பிள்ளைங்களைக் கொல்லுது," என்றாள் ஷெல்பி. "அஞ்சுன்னு அட்டையில பாத்ததுமே ஆறாம் நம்பர்காரியைப் பாத்து அந்தப் பிஞ்சு மனசு வாடுது. இதைப் பாருங்க."

மேசைமேல் நான்கு அழகான புத்தகங்களை வைத்தாள். அட்டையில் எண்ணே இல்லை. கொக்கு, ஆந்தை, மரங்கொத்தி, ரீங்காரச் சிட்டு.

"இதுல எது முதல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முதல், கடைசின்னு எதுவும் கிடையாது. எல்லாம் பறவை."

எங்களுக்குக் கண் கலங்கியது. மலையேறிகளும் சுருள்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் பறவைக்கு மாறினோம்.

எது முதலில் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. கொக்கில் பத்துவரை எண்ண வேண்டும். கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதால் ஒன்று என்ற எண் அங்கே தொடங்குகிறதாம். ஆந்தையில் கூட்டல், கழித்தல். மரங்கொத்தியில் பின்னம். ரீங்காரச் சிட்டில் கண்ணுக்குத் தெரியாத எக்ஸைக் கண்டுபிடிக்க வேண்டும். எண் இல்லாததால் பிள்ளைகளின் மனம் வாடவில்லை. "நீ இன்னும் ஆந்தையா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

வில்லா மரங்கொத்தியில் தொடங்கினாள். பனிக்காலம் முழுக்க அடுப்பறை மேசையில் உட்கார்ந்து, ஏரியை நினைத்துக்கொண்டே பின்னங்களை முடித்தாள். வசந்தத்தில் ரீங்காரச் சிட்டைத் தொட்டாள். எக்ஸை முதல்முறை கண்டுபிடித்த அன்று டேல் வெளியே போய் பீட்ஸா வாங்கிவந்தார். மே மாதம் மெரடித் மகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனாள்.

திருமதி கோவல்சிக் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கம்மா?"

"நம்பர் இல்ல. பறவை."

"படிவத்துக் கட்டத்துல நம்பர்தான் ஏறும். பறவை ஏறாது." அவர் பெருமூச்சுவிட்டு ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். "இந்த வருஷம் நிறையப் பேரு பறவையோட வராங்க. அதுக்காகத்தான் எந்தப் பறவை எந்த வகுப்புக்குச் சமம்னு இணைநிலை ஆணை போட்டிருக்கு. புத்தகம் போட்ட கம்பெனியை வரிசை கேட்டோம். வரிசை வைக்கிறது எங்க கொள்கைக்கு விரோதம்னு பதில் எழுதிட்டாங்க. அதனால அலுவலகம் எந்தப் பாரபட்சமும் இல்லாம, விஞ்ஞான முறைப்படி முடிவு பண்ணியிருக்கு."

"எப்படி?"

"இறக்கை நீளத்தை வெச்சு. கொக்குக்கு எட்டாம் வகுப்பு. ஆந்தைக்கு ஆறு. மரங்கொத்திக்கு மூணு."

மெரடித் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீங்காரச் சிட்டு?"

"விரல் நீளம் இருக்குமா? ஒண்ணு." அவர் வில்லாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஒண்ணாங் கிளாஸுக்கு நல்ல உயரம்."

"எனக்கு எக்ஸ் கண்டுபிடிக்கத் தெரியும்," என்றாள் வில்லா.

"ரொம்ப சந்தோஷம். ஒண்ணாவதுக்கு அது ஜாஸ்திதான்." மிட்டாய்க் கிண்ணம் அவள் பக்கம் நகர்ந்தது. வில்லா எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். திருமதி கோவல்சிக்குக்கும் மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "கொக்கு வாங்கிக் குடும்மா. முடிச்சதும் கூட்டிட்டு வா. எட்டு போட்டுடறேன்."

மெரடித் நேர்மையானவள். மகள் புத்தகத்தை முடிக்காமல் முடித்ததாகச் சொல்லமாட்டாள். அன்று மதியம் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"குளத்துல எத்தனை கொக்கு?"

"ஏழு."

"எண்ணிப் பாத்தியா?"

"அம்மா."

"சரி. வண்ணம் தீட்டு."

செய்தி பரவியது. எட்டுக்கு எளிய வழி இருக்கும்போது யார் ஆறோடு நிற்பார்கள்? ஜூனியாவும் மரங்கொத்தியிலிருந்து இறங்கி, அதாவது ஏறி, கொக்குக்கு வந்தாள். ஷெல்பியின் கடைசிப் பையன் எஸ்ரா, ஐந்து வயது, ஏற்கெனவே கொக்கில்தான் இருந்தான். எந்த முயற்சியும் இல்லாமல் எட்டாம் வகுப்பு ஆனான். ஜூன் மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் வீட்டில் படிக்கும் அத்தனை பிள்ளைகளும் எட்டாம் வகுப்பு. மாநிலத்திலிருந்து அலுவலகத்துக்குப் பாராட்டு வந்தது.

ஆகஸ்டில் எல்லோரும் டோபின் ஏரிக்குப் போனோம். எஸ்ரா துணிக் கரடியோடு வந்தான். முகாம் மேலாளர் கிரேடி வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"எல்லாரும் எட்டா?"

"எல்லாரும் எட்டு," என்றாள் ஷெல்பி பெருமையாக.

"எங்க விதிப்படி ஆறும் ஏழும்தான் முகாம் பிள்ளைங்க. எட்டுன்னா உதவித் தலைவர். பிள்ளைங்க தண்ணியில இறங்கும்போது கரையில நின்னு பாத்துக்கணும். அவங்க இறங்கக் கூடாது." அவர் விதிகளை மதிக்கிற மனிதர். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் மாட்டினார். துணிக் கரடியைப் பிடித்திருந்த எஸ்ராவுக்கும் மாட்டினார். நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் பிள்ளைகள் தலைமைப் பொறுப்பில் இருப்பதாக உறவினர்களுக்கு எழுதினோம்.

ஒரு வாரம் கழித்து வில்லா கழுத்தில் விசிலோடு வீடு வந்தாள். நீச்சலுடை மடித்தபடியே இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் டேல்.

"எல்லாரும் கரையில நின்னு விசில் ஊதினோம்."

"யாருக்கு?"

"தண்ணியில யாரும் இல்ல. இறங்குறதுக்கு முகாம் பிள்ளைங்க யாரும் வரல." விசிலைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். "மேடை ரொம்பப் பக்கத்துலதான் இருந்துச்சு அப்பா."

டேல் மெரடித்தைப் பார்த்தார். மெரடித் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். இனி மகளின் தலையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பேன், அட்டையைப் பார்க்கமாட்டேன் என்று அன்று அவள் உறுதி எடுத்ததாக என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன்.

செப்டம்பரில் மறுபடி குழுக் கூட்டம் கூடியது. பிள்ளைகள் பின்வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நடந்ததற்கெல்லாம் பறவைதான் காரணம் என்றாள் ஷெல்பி. பறவையை அளந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த வருடம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: கடல் பாடமுறை. நெத்திலி, விலாங்கு, சுறா, திமிங்கிலம்.

"இதுல முதல், கடைசின்னு எதுவும் கிடையாது. எல்லாம் மீன்," என்றாள். "யாருக்கு எது வேணும்?"

முதலில் மெரடித்தின் கை உயர்ந்தது. "எங்களுக்குத் திமிங்கிலம்." அவள் முடிப்பதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன.

பின்வரிசையிலிருந்து வில்லா சொன்னாள்: "அம்மா, திமிங்கிலம் மீன் இல்ல."

ஷெல்பி கனிவோடு திரும்பினாள். "அது அறிவியல், கண்ணு. இது கணக்கு."

நாங்கள் யாரும் கையை இறக்கவில்லை.