நேரில் வந்த நோயாளிக்குத் தர இயலாது

பொறுமையும் புத்தியும் ஒருங்கே அமைந்த என் மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவே புகுந்து அறிவுரை சொல்வீர்கள், கடிதத்தில் அதற்கு வழியில்லை.

டாக்டர் எனக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தைக் கொடுப்பது சுலபமாக இருந்தது, முடிவைத் திருப்பி வாங்குவதுதான் பெரும்பாடு. மறுநாள் லேபுக்குப் போய்க் கேட்டால், "உங்க நம்பருக்கு அப்பவே மெசேஜ் அனுப்பிட்டோமே சார்" என்றாள் கவுண்டர் பெண். எந்த நம்பர் என்று பார்த்தால், எங்கள் கூடத்தில் பூ போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறதே, அந்தத் தொலைபேசி! எனக்கு மனப்பாடமானது அது ஒன்றுதான். செல் நம்பர் எப்படி நினைவிருக்கும், நமக்கு நாமே போன் போட்டா பேசுகிறோம்? மாற்றித் தரச் சொன்னேன். "மாத்தலாம் சார், பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க" என்றாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "அந்தப் போன்ல என்ன தெரியுது பாரு" என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். "தூசி தெரியுது" என்றாள்.

"ஏம்மா, நானே நேர்ல நிக்கிறேனே, ஒரு காப்பி எடுத்துக் குடேன்" என்று கெஞ்சினேன். நான்தான் நான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள். முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேர் முழங்கையிலும் அதே பிளாஸ்திரி. வெளியே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது வாசல் காவலாளி சொன்னார்: "பேஷன்ட்டே வந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க சார். சொந்தக்காரர்னு சொல்லுங்க, பாவம்னு குடுத்துடுவாங்க."

மதியம் கவுண்டரில் ஆள் மாறியதும் மறுபடி போனேன். "பேஷன்ட் என் அக்கா புருஷன், படுத்த படுக்கையா கிடக்கார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். "நம்பர் சொல்லுங்க" என்றான் பையன். மைத்துனர் என்று சொல்லிவிட்ட பிறகு வேறு யார் நம்பரைச் சொல்வது? சட்டைப்பைத் துண்டுச் சீட்டில் இருந்த உங்கள் நம்பரைச் சொன்னேன். தட்டினான், அச்சடித்தான், கையில் கொடுத்தான். அங்கிருந்து யாராவது கூப்பிட்டால் ஆமாம் என்று சொல்லிவிடவும்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். எண்ணுக்கு எண் பக்கத்தில் மேலே பார்த்த அம்புக்குறி. சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் எகிறிக் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. போன முறை வந்தபோது விடியும் முன்பே நடக்கக் கிளம்பினீர்கள், சர்க்கரை இல்லாமல் காபி குடித்தீர்கள், என்னையும் குடிக்கச் சொன்னீர்கள். கேலி செய்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. என் சாய்வு நாற்காலி இனி உங்களுக்கு.

தங்கள் இல்லாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
அதிக நாள் தொல்லை கொடுக்கப்போகாத
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படித்தாள். நான் பெயரைப் பார்க்கவே இல்லை, நம் பெயர் நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அதில் இருப்பது உன் பெயர், மாப்ளே. உன் வயது. தேதி, நீ இங்கே வந்து தங்கியிருந்தபோது. நடக்கப் போகிறேன் என்று போன இடம் அதுதானா? முடிவு உன் செல்லுக்கு அன்றைக்கே வந்திருக்குமே. மறுநாளிலிருந்துதானே சர்க்கரை வேண்டாம் என்றாய்? நான் அதை உன் ஒழுக்கம் என்றல்லவா நினைத்தேன். உன் அக்கா அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். நாற்காலி கிடையாது. உடனே புறப்பட்டு வா, டாக்டரிடம் உன்னை நான் கூட்டிப்போகிறேன். வந்த கையோடு என் முடிவையும் நீயே வாங்கிக் கொடு. நான் படுத்த படுக்கையாகக் கிடப்பது அந்தப் பையனுக்குத் தெரியும்.