‘வவுனியாவுக்கு அப்பால் அனுப்பமாட்டோம்’

கல்முனை,
09.12.2009

அன்பின் மருமகன் முபாறக்குக்கு மாமா ஸலாஹுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமி சபூறாவும் அல்ஹம்துலில்லாஹ் சுகம். நீ செய்து தந்த நமது சேலைக்கடை வெப்சைட்தான் சுகமில்லை.

"வவுனியாவுக்கு அப்பால் அனுப்பமாட்டோம்" என்ற அறிவித்தல் படத்தைச் சண்டைக் காலத்தில் நான்தான் போடச் சொன்னேன். இப்போது பாதை திறந்தாச்சு. "யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புவோம்" என்று மாற்றச் சொன்னேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த நீயும் "மாத்தியாச்சு மாமா" என்று சொல்லி இரண்டு கோப்பை வட்டிலப்பம் சாப்பிட்டாய். ஆனால் யாழ்ப்பாணத்து வியாபாரி ஜீவராஜுக்குப் பழையதுதான் தெரிகிறதாம். பொங்கலுக்கு முந்நூறு சேலை எடுக்க இருந்த மனிசன். அனுப்புவோம் என்று போனில் சத்தியம் பண்ணினேன். "ஹாஜியார், உங்கட கடையே அனுப்பமாட்டமெண்டு எழுதி வச்சிருக்கு, என்ர பங்காளிமார் அதைத்தான் நம்புறாங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம்" என்கிறார். சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு மருதமுனையில் மறுபடி நட்ட பன்னிரண்டு தறியும் இந்த முந்நூறை நம்பித்தான் நிற்கின்றன.

உனக்குப் பதினாலு தரம் போன் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு சிங்களப் பெண் "ரோங் நம்பர்" என்கிறா. உன் ஆபீஸ்காரியாக்கும், உன்னைக் காப்பாற்றுகிறா என்று நினைத்து விசயத்தை அவவிடமே விபரமாகச் சொல்லி வைத்தேன். ஆறாம் தரம் "ஆ, அங்கிள்" என்று என் குரலை அடையாளம் பிடித்துவிட்டா.

பிறகு நெட் கடை நஸீறாவிடம் போனேன். "ஹாஜியார், மெஷின் ஒருக்காப் பாத்த படத்த எடுத்து வச்சிக்கும். பேர் மாறாட்டி, புதுசு வந்திருக்கா எண்டு கேக்கவே போகாது" என்று சொல்லி கீபோட்டில் இரண்டு கட்டையைச் சேர்த்து அமத்தினா. புதுசு வந்தது! பக்கத்து மெஷினில் பழசு. ஆறு மெஷினிலும் நானே அமத்தினேன், கட்டாரிலிருக்கும் மாப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு புள்ளையையும் எழுப்பிவிட்டு. இனி யாழ்ப்பாணம் போய் ஜீவராஜின் மெஷினிலும் நான்தான் அமத்தவா?

ஆகவே சொல்வதைக் கேள். கடையில் புதுச் சேலைக் கட்டு வந்தால் பழைய நம்பரில் நான் அடுக்கமாட்டேன். அடுக்கினால் கைப்பழக்கத்தில் கடைப் பொடியன்மார் பழசைத்தான் இழுப்பார்கள். நீயும் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் படத்துக்குப் புதுப்பெயர் போடு. ஏலும் என்று நஸீறா சொல்லிவிட்டா, நீ ஏலாது என்று கதைக்க வேண்டாம். மாமி கிண்டிய தொதல் பார்சலோடு இதைக் கொழும்பு பஸ்ஸில் கொடுக்கிறேன். முதலில் வேலை, பிறகு தொதல்.

உன் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

மாமா,
ஸலாஹுதீன்

பி.கு. பார்சல் கட்ட வந்த மாமி, நீ நம்பர் மாற்றி மூன்று மாதம் என்கிறா. நோன்புப் பெருநாளன்று நீ சொல்ல, கலண்டரில் அவதான் எழுதி வைத்தாவாம். அந்தப் புது நம்பருக்கு எடுத்தேன், முதல் மணியிலேயே "சொல்லுங்க மாமா" என்றாய். பத்து நிமிசத்தில் படத்தின் பெயரை மாற்றினாய், ஜீவராஜும் பார்த்துவிட்டு முந்நூறுக்கும் ஓம் சொல்லிவிட்டார். மேலே ஏசியதை வாசிக்காதே, தொதலைச் சாப்பிடு. என் போனில் முபாறக் என்று அமத்தினால் இன்னும் அந்தப் பெண்தான் வருகிறா. பழசை அழிக்க எனக்குத் தெரியாது. உன்னை ‘முபாறக் 2’ என்று ஏற்றியிருக்கிறேன்.