கடைசி ரீல் வராத கொலை

அக்கா மவன் ஜெயப்பிரகாஷுக்கு, நைனார்பாளையத்திலிருந்து உன் மாமன் ஆதிமூலம் சொல்ல, பக்கத்து வூட்டு தேவிப்ரியா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். உன் சுகமும் கல்யாணப் பொண்ணு, உன் மவ சுபஸ்ரீ சுகமும் அறிய ஆவல். உங்க அப்பன் சுகத்தை நான் கேட்கவில்லை.

கோமுகி அணையில மொதத் தண்ணி தேக்கின வருசம், எங்க செவலைக் காளை கிணத்துல வுழுந்து ஊரே கயிறு கட்டி இழுத்த வருசம், நம்மூர் டென்ட் கொட்டாய்க்கு அந்தக் கொலைப் படம் வந்தது. மலை மேல காப்பித் தோட்டம், வுடாத மழை, கொசுவலைக்குள்ள முதலாளி பொணம். சுட்டது சம்சாரமா, வைத்தியம் பாத்த டாக்டரா? அதைச் சொல்ற கடைசி ரீலுதான் வரல. சின்னசேலம் கொட்டாய்க்கும் நமக்கும் ஒரே படப் பொட்டி. அங்க ஓடி முடிச்ச ரீலை கொட்டாய் ஆளு பூமாலை சைக்கிள்ல எடுத்துக்கினு வரணும். ஓடையில வெள்ளம், ஆளு அக்கரையிலயே நின்னுட்டான். ஜனங்க கொட்டாயைப் பிரிச்சுடுவாங்கன்னு பயந்த ஆபரேட்டரு, போன வாரத்து சாமி படத்துக் கடைசி ரீலை எடுத்து மாட்டிட்டான். துப்பாக்கி புடிச்ச கை தெரிஞ்சிது, அடுத்தாப்புல முருகன் மயில் மேல வந்து நின்னாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினு வூட்டுக்குப் போயிட்டாங்க, நானும் உங்க அப்பனும் தவிர. மறுநாளு பொட்டியும் ஊரை வுட்டுப் போயிடுச்சி.

"சம்சாரந்தான் மச்சான். பொணத்துக்குப் பக்கத்துல நின்னு தலை வாரிக்கினு இருந்தாளே"ன்னேன். "உனுக்கு இன்னாடா தெரியும், டாக்டருதான், சத்தியமே பண்றேன்"னாரு. "நீங்க இன்னா கூட நின்னு பாத்தீங்களா"ன்னேன். அன்னிக்கி நின்ன பேச்சு. உங்க அம்மா சாவுக்குக் கூட ஆளுக்கொரு மூலையில நின்னுதான் அழுதோம்.

சம்சாரந்தான்னு உங்க அப்பன் சபையில ஒத்துக்காம, சுபஸ்ரீ கல்யாணப் பந்தல்ல நான் கால் வைக்க மாட்டேன். நீ சென்னையில இருக்கிற ஆளு. அந்த ரீலைத் தேடிப் புடி, இல்லன்னா அதைப் பாத்த ஒரு ஆளையாவது கொண்டா. பொண்ணுக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளை வூட்டாருக்கு வணக்கம், உங்க அப்பனுக்கு ஒண்ணுமில்ல.

பின்குறிப்பு: கடுதாசிய ஒட்டுற நேரத்துல பூமாலை சம்சாரம் காசியம்மாள் மோருக்கு வந்துது. அது அந்தக் காலத்துல சின்னசேலம் கொட்டாய் வாசல்ல முறுக்கு வித்துது. விசயத்தைக் கேட்டுட்டு சிரிக்குது. "நான் வெளிய அடுப்பு அணைச்சிக்கினு இருந்தேன், படம் பாக்கல. அங்க பாத்தவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. படம் உங்கூருக்கு வர்றதுக்கு மொத நாளே அங்க வந்து, முன்னாடி குந்திக்கினு முழுசா பாத்துட்டுப் போன ஒருத்தர் மட்டுந்தான் மிச்சம்"ங்குது. கன்னுக்குட்டி வாங்கச் சொல்லி எங்கப்பன் காசு குடுத்து சின்னசேலம் சந்தைக்கு அனுப்ப, சந்தையில ஒண்ணும் சரியில்லன்னு வெறுங்கையோட திரும்புன ஆளாம். கல்யாணத்துக்கு வரேன். அவர் பக்கத்துலயே எனுக்கு நாற்காலி போடு. அந்தக் கடைசி ரீலைப் பாத்தவங்கள்ல இன்னிக்கி உசுரோட இருக்கிறது உங்க அப்பன் பொன்னுரங்கம் ஒருத்தருதான்.