பொக்லைன் அண்ணனும் ஒரு பழைய மேடும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பழங்கால மேடுகளைக் கண்டுபிடித்தவர்கள் பலர் உண்டு. கண்டுபிடித்ததையெல்லாம் தன் கையாலேயே தரைமட்டமாக்கியவர் பொக்லைன் அண்ணன் ஒருவர்தான்.

பழைய மக்கள் வாழ்ந்த இடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் பட்டியலிட நாங்கள் நாலு பேர் கிளம்பியிருந்தோம். காளவாசலில் ஒரு செல்போன் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். ஒருநாள் சாக்கு நிறையப் பானை ஓட்டோடு ஒருவர் மாடியேறி வந்தார்.

"இம்புட்டும் என் வண்டி பக்கெட்டுல வந்ததுண்ணே. எழுதிக்கங்க."

பொக்லைன் ஓட்டுகிறவர். இடம் கேட்டால் ஊர்ப்பெயர் சொல்ல வராது. "நாகமலை புதுக்கோட்டை தாண்டி, என் வண்டி செயின் கழண்ட எடம்" என்பார். விசாரித்துப் போனால் இடம் சரியாக இருக்கும். மேடுதான் இருக்காது, வீட்டுமனை பிரித்துப் பிளாட் கல் நட்டிருக்கும்.

படிவத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம். 'அழிந்தது' என்று தட்டினேன்.

"அதுவா எப்படிண்ணே அழியும்? நான் அழிச்சேன்னு போடுங்க."

"ஊரே பாக்கும்ணே, வேணாம்."

"பாக்கத்தானே தொறந்து வைக்கிறீங்க?"

அவர் சொன்ன இடங்கள் மொத்தம் பதினொன்று; அத்தனைக்கும் அப்படியே எழுத வைத்துவிட்டுத்தான் டீயைத் தொட்டார். இது பட்டியலா, பாவமன்னிப்புக் கூண்டா என்று எனக்கு எரிச்சல்.

பிறகு வில்லாபுரத்துக்குத் தெற்கே ஒரு மேட்டைச் சமப்படுத்த முதலாளி அவரை அனுப்பினார். முதல் பக்கெட்டிலேயே பானை ஓடு. உடனே எனக்குப் போன்.

"அண்ணே, பட்டியல்ல ஏத்த எம்புட்டு நாளாகும்?"

"போட்டோ, அளவெல்லாம் சேத்து மூணு நாள்."

"அப்ப எனக்கு மூணு நாளைக்கு வயித்தால போகுது."

வண்டிச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி தேடி வந்தபோது பாயில் சுருண்டு முனகினாராம், சாவி தலையணைக்கடியில். மூன்றாம் நாள் மேடு பட்டியலில் ஏறியது. அதைக் காட்டி மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலமே அண்ணனுக்கு வேலை போனது. பதினைந்து வருடம் சோறு போட்ட வண்டி. இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

அந்த மேட்டின் 'நிலை' கட்டத்தில் அவர் சொன்னபடியே எழுதினேன்: 'அப்படியே இருக்கிறது. காரணம், டிரைவருக்கு உடம்பு சரியில்லை.'

பட்டியலில் சொந்தக் கதை கூடாது என்று விதி போட்டவனே நான்தான். மற்ற மூவரும் இன்றுவரை திருத்தச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.