பேய் எங்கே ஏறியது என்று கேட்டவர்

பேய் பிடித்தவரிடமும் பிடித்த பேயிடமும் ஒரே மரியாதையோடு பேசிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருக்க வேண்டும். அவர் செஞ்சியில் இருந்தார். ஊர் அவரை ‘செக்கிங்’ என்று கூப்பிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் சின்ன ஆபீசில் நான் புக்கிங் கிளார்க். அவர் அதே கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்து இறக்குவது அவர் வேலை. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. மாதாமாதம் அதைப் பார்த்த நானே அவரைச் செக்கிங் சார் என்றுதான் சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அவர் பஸ்ஸை விசாரித்தார். லீவு நாளில் பேயை விசாரித்தார். இது எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே நடந்துகொண்டிருந்தது. கோட்டை இருக்கிற ஊரில் பேய்க்குக் குறைவில்லை. ராஜகிரி அடிவாரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டவர்கள் இருந்தார்கள். உச்சிவேளையில் தலைப்பாகை கட்டிய சிப்பாய் பீடிக்கு நெருப்புக் கேட்டான் என்று சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் ஊரே நின்ற காலம் அது. பேய் மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கிடைத்தது.

டூட்டியில் காக்கி போடுகிறவர், விசாரணைக்கு மட்டும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்வார். சித்திரை வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் வக்கீல் என்று நினைத்துச் சொத்துத் தகராறைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவர் அதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான், தான் வக்கீல் இல்லை என்பார்.

நம் ஊர்ப்பக்கம் பேய் பிடித்துவிட்டது என்பதை ‘பேய் ஏறிச்சு’ என்றுதான் சொல்வார்கள். செக்கிங் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். பேய் ஏறிவிட்டதாக யாராவது அழுதுகொண்டு வந்தால் அவருடைய முதல் கேள்வி, “எங்க ஏறிச்சு?” அடுத்தது, “எங்க இறங்கும்னு ஏதாச்சும் சொல்லிச்சா?” அதற்கடுத்தது, “கூட யாராவது ஏறினாங்களா?” டிரைவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கேட்கும்போது மட்டும் யாருக்கும் சிரிப்பு வராது. அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. பதில் சொல்கிறவர் முகத்திலும் இருக்காது.

நிஜமாகவே பேய் இருக்கிறதா என்று ஒரு டிரைவர் அவரை மடக்கப் பார்த்தார். “டிக்கெட் இல்லாதவன் அந்த பஸ்ல இருக்கானான்னு இங்க இருந்தே சொல்லச் சொன்னா இன்னா சொல்லுவேன்? ஏறிப் பாத்துட்டுதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தன்னிடம் வருகிறவர்களை அவர் ‘பார்ட்டி’ என்பார். விசாரணைக்கென்று சில விதிகள் வைத்திருந்தார். பார்ட்டி வீட்டில் சிரிக்கக் கூடாது. பார்ட்டி சொன்னதை எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் யாராவது படிப்பார்கள். சாட்சி இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. சாட்சி என்றால் நான்தான், ஆபீசில் கல்யாணம் ஆகாத ஆள் நான் ஒருவன்தான் என்பதால். பொழுது சாய்ந்த பிறகு விசாரணையே கிடையாது. பேயைப் பார்க்க ராத்திரிதானே சௌகரியம் என்று கேட்டேன். ராத்திரியில் பார்ட்டி தூங்க வேண்டும் என்றார்.

அவருடைய தொழில் எனக்குப் புரிந்தது ஒரு ரைஸ் மில்லில்தான். மில்லின் பின்பக்கக் குடோனில் யாரோ பெண் அழுகிற சத்தம் கேட்டது. கூலியாட்கள் உள்ளே போக மறுத்துவிட்டார்கள். தைரியம் காட்டப் போன முதலாளி, இடுப்பு வேட்டியைக் குடோனிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்திருந்தார். நாங்கள் ஒரு முற்பகல் முழுக்கத் தவிட்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அழுகைச் சத்தம் இரண்டு மூன்று தடவை நன்றாகவே கேட்டது. செக்கிங் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் கூரையில் ஆணி கழன்ற ஒரு தகரம் மரச் சட்டத்தில் உரசி அழுதுகொண்டிருந்தது.

வெளியே கூலியாட்கள் கூட்டமாக நின்றார்கள். நானாக இருந்தால் அங்கேயே கத்திச் சொல்லியிருப்பேன். அவர் முதலாளியைத் தனியாகக் கூட்டிப்போய்க் காதில் சொன்னார். பிறகு ஆட்களிடம் வந்து, நாளையிலிருந்து சத்தம் வராது, எல்லாரும் வேலைக்கு வாருங்கள் என்றார். திரும்பி வரும்போது, உண்மையைச் சொல்லவில்லையே சார் என்றேன்.

“பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன் தம்பி. மத்தவங்களுக்கு எதுக்கு? அந்த ஆளு நாளைக்கு இதே கூலிக்காரங்க முன்னாடி மொதலாளியா நிக்கணும்.”

சிங்கவரம் முனுசாமி எங்கள் ஆபீசுக்கு வந்தது மல்லாட்டை பிடுங்குகிற சமயம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மூத்த மகன் ஏழுமலைக்குப் பனமலையிலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பெண் பெயர் அஞ்சலை. வந்த சில மாதத்தில் அவளுக்குப் பேய் ஏறிவிட்டது. பட்டப்பகலில் விழுந்து கிடக்கிறாள், ஆம்பிளைக் குரலில் பேசுகிறாள், மாமியாரைப் பெயர் சொல்லித் திட்டுகிறாள். பனமலை ஏரிக்கரையில்தான் ஏறியது என்று, செக்கிங் கேட்பதற்கு முன்பே முனுசாமி தகவல் கொடுத்தார். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து உடுக்கைப் பூசாரி ஒருவரை வரச்சொல்லியாகிவிட்டது. சாட்டையடியும் மிளகாய்ப் புகையும் போட்டால் போய்விடும். மகன்தான் அதற்கு முன்னால் செக்கிங்கைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

சைக்கிளில் போனோம். களம் முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. முனுசாமி எங்களை உட்காரவைத்து, எதுவாக இருந்தாலும் என்னிடம் சொன்னால் போதும், பார்ட்டி நான்தான் என்றார்.

“பேய் யாருக்கு ஏறிச்சோ அவங்கதான் பார்ட்டி. நீங்க தகவல் சொன்னவரு” என்றார் செக்கிங்.

அஞ்சலையை அழைத்து வந்தார்கள். பதினெட்டு வயது இருந்தால் அதிகம். முழங்கைக்குக் கீழே சூடு போட்ட புண் ஆறாமல் இருந்தது. செக்கிங் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“நான் பஸ்ல செக்கிங் பண்றவன்மா. உனக்கு இஷ்டம்னா பேசலாம். இல்லன்னா இன்னொரு நாளைக்கு வரேன்.”

அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு இஷ்டமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

களத்து ஓரம் பூவரச மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாமியாரும் நானும் சுவரோரம். பார்க்கலாம், கேட்காது. அந்தத் தூரத்தை அவரே நடந்து பார்த்து முடிவு செய்தார். முதலில் அவள் பேசவே இல்லை. அவரும் பேசச் சொல்லவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தாள். நடுவில் திடீரென்று குரல் தடித்து ஓங்கியது. தலை சுழன்றது. மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செக்கிங் நகரவில்லை. அந்தக் குரல் சொன்னதற்கெல்லாம் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டினார். குரல் ஓய்ந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கிறவரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து வந்ததும் முனுசாமி நேராகக் கேட்டார். பேயா, நடிப்பா?

எனக்கு அப்போதுதான் விஷயத்தின் சங்கடம் உறைத்தது. பேய் என்றால் சாட்டையும் புகையும். பேய் இல்லை என்றால் வேஷக்காரி என்று அன்றைக்கே பனமலைக்குத் துரத்திவிடுவார்கள். அங்கே அவளுக்குக் கீழே இன்னும் தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவளுக்கு அடிதான்.

“விசாரணை முடியல” என்றார் செக்கிங்.

எப்போது முடியும் என்று கேட்டார் முனுசாமி.

“இப்ப சொல்றதுக்கு இல்ல. பெரிய கேஸு. முடியற வரைக்கும் பார்ட்டி மேல யாரும் கை வைக்கக் கூடாது. சூடு, சாட்டை, பொகை எதுவும் ஆவாது. வச்சா விசாரணை கெட்டுடும்.”

பூசாரி வருகிற அன்றைக்குச் செக்கிங் லீவு போட்டார். கோட்டு போட்டுக்கொண்டு முனுசாமி வீட்டு வாசலில் போய் நின்றார். பூசாரி ஆஜானுபாகுவான ஆள். உடுக்கையும் சாட்டையுமாக வந்து இறங்கினார். சண்டை வரப்போகிறது என்று நான் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டேன். செக்கிங் அவரைக் கும்பிட்டு, தொழிலில் பெரியவர் என்று ஊரே சொல்வதாகச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒரு டிரைவரு வண்டி ஓட்டிக்கினு இருக்கறப்ப இன்னொரு டிரைவரு வந்து ஸ்டியரிங்கப் புடிக்கலாங்களா?”

பூசாரி கொஞ்சம் யோசித்தார். அது தொழில் தர்மம் இல்லைதான் என்று முனுசாமியிடம் அவரே எடுத்துச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் சிங்கவரம். பார்ட்டி என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று வீட்டாரைக் கேட்பார். கேட்பார் என்பதற்காகவே அவர்கள் அவளைக் கவனிக்க வேண்டியதாயிற்று. ஏழுமலை வீட்டில் இருந்தால்தான் விசாரணை நடக்கும் என்றார். அந்தப் பையன் முதல் தடவையாகப் பெண்டாட்டி பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அவள் என்னதான் சொன்னாள் என்று நான் ஒருநாள் கேட்டேன். அது பார்ட்டிக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது என்றார். இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

முனுசாமிக்குப் பொறுமை போயிற்று. உங்கள் செக்கிங் என் குடும்பத்தில் தலையிடுகிறார் என்று பஸ் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளி அவரை என் எதிரிலேயே கூப்பிட்டு, அந்த வீட்டுக்குப் போவதை விட்டுவிடு, இல்லாவிட்டால் விழுப்புரம் லைனுக்கு மாற்றிவிடுவேன் என்றார். செஞ்சியில் அவருக்கு வீடு, பழக்கம், வயிற்றுவலிக்கு ஒத்துக்கொண்ட ஒரே சாப்பாட்டுக் கடை எல்லாம் இருந்தது. அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“மாத்திடுங்க சார்” என்றார்.

அன்றிலிருந்து விழுப்புரத்திலிருந்து வந்து போனார். எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு டிக்கெட் கிழிக்கக் கண்டக்டர்கள் கூசுவார்கள். சொந்த வேலையாக வருகிறேன் என்று வற்புறுத்தி வாங்கிக்கொள்வார். ஐப்பசி மழையில் கோட்டு நனைந்து, அதே ஈரத்தோடு சிங்கவரத்துக்கு மிதிப்பார். பின்னால் நான்.

அவள் விழுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு தையில் ஏழுமலை தானாகவே அப்பனிடம் பேசி, கொல்லை ஓரத்தில் தனிக் கூரை போட்டுக்கொண்டான். அவள் கர்ப்பமானாள். அப்போதும் முனுசாமி கேட்டால் விசாரணை முடியவில்லை என்ற பதில்தான். நாளாக ஆக முனுசாமியும் கேட்பதை விட்டுவிட்டார். மருமகளுக்குக் கடையில் பொரிகடலை வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

பிறகு ஒருநாள் அஞ்சலை எங்கள் ஆபீசுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. ஏழுமலை வாசலிலேயே நின்றுகொண்டான். விழுப்புரம் பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த செக்கிங் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கேஸ முடிச்சிடுங்க சார்” என்றாள்.

“யாராவது சொல்லி அனுப்பினாங்களாம்மா?”

“இல்ல சார். நானாதான் வந்தேன். இப்ப நான் நல்லா இருக்கறேன்.”

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்றார். அவள் போகாமல் நின்றாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, “விசாரணை இல்லன்னாலும் வாங்க சார்” என்றாள். அவர் கைக்குட்டையைத் தேடுவது போல எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்த்தார்.

சில வருஷம் கழித்து நான் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனேன். அவரைக் கடைசியாகப் பார்த்தது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில். ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். கோட்டு இல்லை, உடம்பும் பாதியாகியிருந்தது. என் அம்மா தவறிப்போய் அதிக நாள் ஆகவில்லை. எப்படி இருக்கிறாய் தம்பி என்று கேட்டார். வழக்கம்போல நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னவோ, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் போக வேண்டிய ஊருக்குப் பஸ்கள் வந்து, கூவிக் கூவி ஆளை ஏற்றிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வாழ்நாளெல்லாம் பஸ்ஸையே பார்த்த அந்த மனிதர், நான் பேசி முடிக்கிறவரை ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.