புது வண்டியும் அதை இழுக்க ஒரு பழைய வண்டியும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். அங்கு தாங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் தங்கள் தங்கையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். "ஒண்ணு அந்த வண்டி ஓடணும், இல்ல நீங்க வேலைய விடணும். அப்பதான் வருவேன்" என்று பெட்டியைத் தூக்கியவளிடம், இரண்டாவது நடந்துவிட்டதென்று தாங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சண்டை முடிந்ததும் ராணுவத்துக்குப் பழைய ஜீப் கசந்துவிட்டது. அதைவிட லேசாக, மேடு பள்ளம் பார்க்காமல் போகிற புது வண்டி செய்யும்படி எங்கள் பட்டறைக்கு உத்தரவு. லேசாகத்தான் வரைந்தோம். ஒரு மேஜர் வந்து ஆற்றுக்குள்ளும் போக வேண்டும் என்றார். எஞ்சினுக்குத் தண்ணீர் புகாத உறை போட்டோம். அடுத்தவர் ரேடியோ கேட்டார். அதற்கு இன்னொரு பேட்டரி. கூடின எடைக்குத் தடித்த ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குத் தடித்த அச்சு. ஊரில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும். இங்கே கட்டெறும்பு ஊதிக் கழுதை ஆகிவிட்டது மச்சான். விமானத்தில் தூக்கிப் போக வளையம் வேறு வைத்தார்கள். விமானம் தரையை விட்டு எழவில்லை.

ஓட்டிப் பார்த்து இடுப்பொடிகிறவன் நான். சேற்றில் இறக்கினால் புதுசு உட்கார்ந்துகொள்ளும். கட்டி இழுக்கப் பழைய ஜீப் வரும். அதே சேற்றில் அதுபாட்டுக்கு வரும், இழுக்கும், போகும். வாய் சும்மா இருக்காம கர்னல்கிட்ட, "ஐயா, எல்லாச் சோதனையிலயும் பழசுதான் பாஸாகுது"ன்னுட்டேன். அவர் யோசிச்சார். "நல்லாக் கவனிச்சிருக்கே. புதுசுக்கு முன்னாடி இன்னும் பெரிய கொக்கியா வச்சிடுவோம், இழுக்கச் சுலபமா இருக்கும்"னார். பக்கத்துல பழசு நிக்கறதாலதான் புதுசுக்குப் பேர் கெடுதுன்னு அதை ஏலத்துல தள்ளிட்டார். அன்னிக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். முடியலை மச்சான். வேலையை விட்டுட்டு வந்து, கட்டில்ல படுக்க முடியாம தரையில கிடக்கேன், ஏன்னு கேக்க ஆளில்லை. அவ திட்டாத வீடு வீடாவே இல்லை. தயவு பண்ணி அனுப்பி வையுங்க.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம், குனிய முடியாததால் நின்றபடியே செய்திருக்கிறேன், ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கர்னல் ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்துட்டார். நானும் வாங்கிட்டேன். அடுத்த சோதனை உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடற ஆத்துல. அதனால அவளை அனுப்ப வேண்டாம், நானே வர்றேன், வண்டியோட. அவகிட்ட இப்போ எதுவும் சொல்லிடாதீங்க. உங்க டிராக்டருக்கு மட்டும் டீசல் ஊத்தி வையுங்க.