ரெண்டும் வெள்ளப்பூ

வீரணன் மாமா, நான் செஞ்ச களவாணித்தனத்த இன்னிக்கு எல்லாருக்கும் சொல்லப் போறேன். நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீக. எனக்குத்தேன் இன்னும் சிரிப்பு வரல.

மாமா எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. போடிமெட்டுல ஏலக்கா லோடு ஜீப்பு ஓட்டுனவரு. வளைவு ஏறயில நெஞ்சு வலிக்கும், எறங்கயில ஒத்தக்கண்ணு இருட்டும். மெட்ராசு ஆசுபத்திரியில படம் எடுத்துப் பாத்தா, நெஞ்சுலயும் ரத்தக்குழா அடைப்பு, கழுத்துலயும் அடைப்பு.

ஒரு டாக்டரு, "கழுத்த மொதல்ல சரி பண்ணணும். இல்லாட்டி நெஞ்சு ஆபரேசன்ல பக்கவாதம் வந்துரும்"ன்னாரு. இன்னொருத்தரு, "நெஞ்சுதான் மொதல்ல. கழுத்துல கைய வச்சா இருதயம் தாங்காது"ன்னாரு. வீட்டுல பேசிட்டு அடுத்த புதன்கெழம வாங்கன்னுட்டாக.

எங்க வீட்டுல பேசுறதுன்னா கோயில்ல பூப்போட்டுப் பாக்குறதுதேன். வெள்ளப்பூ வந்தா கழுத்து, செவப்பு வந்தா நெஞ்சு. எலையில பொட்டலம் கட்டுற சோலி எனக்கு.

நெஞ்செலும்ப ரம்பம் வச்சு அறுப்பாகன்னு கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமில்ல. கழுத்துன்னா சின்னக் கீறலுதானே? (நாலாப்பு படிச்ச நான், ரெண்டு டாக்டருக்கு மேல மூணாவது டாக்டரு!) ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ள நந்தியாவட்டையவே வச்சுக் கட்டிப்புட்டேன்.

வெள்ளிக்கெழம கோயில்ல ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சாக. வெள்ளை. அத்தை கையெடுத்துக் கும்புட்டாக. அதோட விட்டிருக்கலாம்ல? பூசாரி, மத்ததையும் சாமி காலுல வைக்கிறேன்னு பிரிச்சுப்புட்டாரு.

அதுவும் வெள்ளை.

"அடியே, சாமிகிட்டயே கள்ளாட்டமா?"ன்னு அம்மா அறைஞ்சாக. மாமாவுக்குச் சிரிப்பு தாங்கல. "விடுக்கா. எனக்கு நெஞ்சே இல்லைன்னு எம் மருமக முடிவு பண்ணிட்டா. இவதேன் பெரிய டாக்டரு!"

அத்தை சிரிக்கல. "தெய்வக் குத்தமாப் போச்சு. அடுத்த வெள்ளி மறுபடி போட்டுப் பாத்துட்டுத்தேன் மெட்ராசு"ன்னாக. புதன்கெழம நாங்க போகல.

வியாழக்கெழம காலையில செருப்பு மாட்டக் குனிஞ்சவரு நிமிரல. கழுத்தா, நெஞ்சா? எங்க ஊரு டாக்டராலயும் சொல்ல முடியல.

இப்பவும் எங்க வீட்டுல, கஞ்சி மட்டும் காச்சிட்டு "கஞ்சியா, சோறா?"ன்னு அம்மா கேட்டா, அத்தைதேன் மொதல்ல சொல்லுவாக: "ரெண்டும் வெள்ளப்பூவா மதினி?" எல்லாரும் சிரிப்பாக. நான் தட்டக் கழுவுற மாதிரி கொல்லைக்குப் போயிருவேன்.

இதப் படிக்கிற அண்ணேமாரு, அக்காமாரு எல்லாரும் எம் மாமாவுக்காக ஒருவாட்டி கும்புட்டுக்கங்க. பூவெல்லாம் வேணாம். வெறுங்கையே போதும்.